ஆறாவது வரிசை

சைனிக்புரி,
செகந்திராபாத்.
7-5-2001

திரு. ஃபெலிக்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். உங்களை எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்து வீட்டு சந்தானம் சார், நீங்கள் முன்பு வேலை பார்த்த கட்டடத்தில் வேறொரு கம்பெனியில் இருக்கிறார். வேலை போன பிறகு நீங்கள் பழைய எலெக்ட்ரானிக் சாமான்களைப் பழுதுபார்க்கிறீர்கள் என்று அவர்தான் சொன்னார். இந்தப் பெட்டியையும் கடிதத்தையும் அவரே தன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து தருவார்.

பெட்டிக்குள் இருப்பது செஸ் கம்ப்யூட்டர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாமா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. பார்வைக்குச் சாதாரணப் பலகைதான். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கு அடியிலும் ஒரு சென்ஸர் இருக்கிறது. காயை எடுக்கும் கட்டத்தில் ஓர் அழுத்து, வைக்கும் கட்டத்தில் ஓர் அழுத்து. மெஷின் புரிந்துகொண்டு, தான் எதை எங்கே நகர்த்தப் போகிறது என்பதை ஓரத்தில் உள்ள சிவப்பு விளக்குகளால் காட்டும். குறுக்கே ஏ முதல் ஹெச் வரை எழுத்துக்கு எட்டு விளக்கு, நெடுக்கே ஒன்று முதல் எட்டு வரை எண்ணுக்கு எட்டு விளக்கு. அதன் காயையும் நாம்தான் நகர்த்திக் கொடுக்க வேண்டும்.

இப்போது எஃப் என்ற நெடுவரிசையில் எட்டுக் கட்டமும் செத்துவிட்டது. குதிரையை வெளியே கொண்டுவர முடியவில்லை. ராஜாவுக்குக் கோட்டை கட்ட முடியவில்லை. அந்த வரிசையே உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஆடிப் பார்த்தேன். ஒரு காலைக் கட்டிக்கொண்டு ஓடிப் பழகுவது போல இருக்கிறது. கோட்டி பஜாரில் ஒரு கடைக்காரர் பெட்டியைத் திறக்காமலே “நக்கோ”, அதாவது வேண்டாம், என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அவசரம். ஒரு மத்திய அரசு நிறுவனம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஸ்டோர்ஸ் பிரிவுக்கு இரண்டு கிளார்க்குகளை எடுக்கிறது. ஜூன் 24 அன்று செஸ் ஆடவைத்துத் தேர்வு. வயது வரம்பு இருபத்தெட்டு. எனக்கு ஆகஸ்டில் அது முடிகிறது. இதுவரை ஒன்பது வேலைகளுக்கு எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத்தில் நின்றுபோயிருக்கிறேன். இது கடைசி. பழகுவதற்கு இந்த மெஷினை விட்டால் என்னோடு ஆட ஆள் கிடையாது.

சந்தேகம் இருந்தால் எழுதிக் கேளுங்கள். போன் வேண்டாம்.

இப்படிக்கு,
சா. கனகவல்லி


கொண்டாப்பூர்
10-5-2001

கனகவல்லி மேடத்துக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் செஸ் தெரியாது. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் கேரம் போர்டுதான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன், பிறகு கம்ப்யூட்டர், பிறகு இந்த ஊரில் சாப்ட்வேர் டெஸ்டர். போன மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நாற்பது பேரை ஒரே ரூமில் உட்காரவைத்து மாம்பழ ஜூஸ் கொடுத்தார்கள். டம்ளர் காலியாவதற்குள் அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டார்கள். ‘ஹைடெக் நகரம்’ என்று ரோட்டுக்கு ரோடு போர்டு வைத்திருக்கிறார்களே, அந்த நகரம்தான். அதற்குப் பிறகு மிக்ஸி, வாக்மேன், இப்போது உங்கள் செஸ்.

பலகைக்கு அடியில் இரண்டு பிளாஸ்டிக் தாள்கள் இருக்கின்றன. ஒன்றில் நெடுக்காகக் கோடுகள், இன்னொன்றில் குறுக்காக. கோடுகள் மின்சாரம் கடத்தும் மையால் போட்டவை. நீங்கள் அழுத்தும்போது மேல் கோடும் கீழ்க் கோடும் தொட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு தாளின் நுனியும் ஒரு நாடா போல மடங்கி மெஷினுக்குள் போகிறது. நெடுக்குத் தாளின் மடிப்பில் எஃப் கோடு வெடித்திருந்தது, மயிரிழை விரிசல். அந்த இடத்தில் மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பெயின்ட் தடவி ஒட்டவைத்திருக்கிறேன்.

என் ரூம்மேட் பிரசன்னா எட்டிப்பார்த்துவிட்டு, “ஏலே, வயித்தைக் கிழிச்சுல்லா போட்டிருக்க. பேஷன்ட் வீட்டுல கையெழுத்து வாங்கினியா?” என்றான்.

பேஷன்ட் பிழைத்துவிட்டார். அறுபத்து நான்கு கட்டத்தையும் மூன்று தடவை அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் கணீரென்று பீப் அடிக்கிறது.

அடுத்த தடவை போன் நம்பர் கொடுங்கள். இரண்டு நிமிஷப் பேச்சுக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது. நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில். விடுதியில் தங்கியிருக்கும் மாணவன் தந்தைக்கு எழுதுவது.

ஃபெலிக்ஸ்


சைனிக்புரி
14-5-2001

திரு. ஃபெலிக்ஸ் அவர்களுக்கு,

விடுதி மாணவனுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும். கடிதம் தெளிவாக இருந்தது.

எஃப் வரிசை உயிரோடு வந்துவிட்டது. நன்றி. அன்று மாலையே கோட்டை கட்டினேன்.

ஆனால் வேறொரு தகராறு வந்திருக்கிறது. ஆறாவது கிடைவரிசையில் எங்கே அழுத்தினாலும் ஐந்துக்கான விளக்கு எரிகிறது. மெஷின் தன் குதிரையை ஆறாவது வரிசையில் வை என்கிறது. வைத்தால் ஏற்க மாட்டேன் என்று விளக்கைச் சிமிட்டுகிறது. தான் சொன்னதைத் தானே மறுக்கிறது. இது உங்களிடம் வருவதற்கு முன்னால் இல்லாத குறை.

பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விரைவில் பார்த்துக் கொடுங்கள். நாள் போகிறது.

போன் வேண்டாம், எழுதுங்கள்.

சா. கனகவல்லி


கொண்டாப்பூர்
17-5-2001

மேடம்,

மறுபடி அறுபத்து நான்கையும் அழுத்தினேன். அறுபத்து நான்கும் பீப் அடிக்கிறது. ஆறாவது வரிசை உட்பட. சத்தம் வருகிறது என்றால் சென்ஸர் வேலை செய்கிறது என்று அர்த்தம். என் வேலை சென்ஸரோடு முடிந்தது. விளக்குகள் பழசு, கோளாறு அங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் நீங்கள் அழுத்தும் விதத்தில் இருக்கலாம். விளக்கையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். காதால் கேட்டு ஆடுங்கள், ஒரு குழப்பமும் வராது.

பெட்டியைத் திறக்கவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

இன்னொன்று. இரண்டாவது முறையாக ‘போன் வேண்டாம்’ என்று படிக்கிறேன். இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷத்தில் ஏழு வீடு பார்த்திருக்கிறேன். “சார் என்ன சாப்பிடுவீங்க?” என்று ஆரம்பித்து, பெயரைக் கேட்டு, கடைசியில் “இப்பதான் வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்” என்று முடிப்பார்கள். எனக்குப் பழகிவிட்டது. சைனிக்புரியில் பெரிய வீட்டில் இருக்கிறவர்கள் ரிப்பேர்க்காரனிடம் பேசினால் குறைந்துவிடுவார்கள் என்பதும் புரிகிறது. ஆனால் வேலையில் குறை சொல்லும்போதாவது நேரில் பேசும் தைரியம் வேண்டும்.

ஃபெலிக்ஸ்


சைனிக்புரி
19-5-2001

திரு. ஃபெலிக்ஸ்,

‘காதால் கேட்டு ஆடுங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குக் காது கேட்காது. ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல். நான் பிழைத்தேன், காது பிழைக்கவில்லை. இந்த மெஷின் வந்தது பதினாறு வயதில். அது சத்தம் போடும் என்பதே உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் என்னோடு பேச்செல்லாம் நோட்டில் எழுதித்தான். அம்மாவிடம் எழுதிக் கேட்டேன். ‘ஆமாம்டி, பதினோரு வருஷமா அடிச்சுண்டுதான் இருக்கு. உனக்குச் சொல்லி என்ன ஆகப்போறதுன்னு சொல்லலை’ என்று எழுதினாள்.

எனக்கு அந்த மெஷின் என்றால் விளக்குதான். விளக்கு ஐந்து என்று சொன்னால் அது ஐந்து என்றுதான் புரிந்துகொண்டிருக்கிறது. பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். அழுத்தவும் எனக்குத் தெரியும்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்ன நிமிஷத்திலிருந்து மனிதர்கள் என் அப்பாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்பது நேர்முகத்திலும் அதுதான் நடந்தது. “பொண்ணு என்ன படிச்சிருக்கு?” என்று அவரைக் கேட்பார்கள். உதட்டைப் பார்த்தால் அவ்வளவு எனக்குப் புரியும். நான் எதிரில் சான்றிதழ்களோடு உட்கார்ந்திருப்பேன். செகந்திராபாத்தில் ஒரு செஸ் கிளப்பில் இரண்டு நாள் ஆடினேன். மூன்றாம் நாள் செயலாளர் அப்பாவிடம், “எங்க மெம்பர்ஸுக்குக் கஷ்டமா இருக்கு சார்” என்றாராம். என்ன கஷ்டம்? ஆட்டத்தின்போது பேசக் கூடாது என்று அவர்களே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் உங்கள் முதல் கடிதத்தில் என்னிடம் பேசினீர்கள். ஜூஸ் டம்ளரைப் பற்றி, கேரம் போர்டைப் பற்றி. காரியம் இல்லாத பேச்சை என்னிடம் யாரும் பேசுவதில்லை. நோட்டில் எழுதும் அளவுக்கு அதற்கு மதிப்பு இல்லையாம். இன்னும் ஒன்றிரண்டு கடிதம் இப்படி வரட்டுமே என்று நினைத்தேன். என் திமிர் அவ்வளவுதான்.

வீடு பெரியதுதான். ஒரு மேஜருடையது. நாங்கள் பின்பக்கம் அவுட்ஹவுஸில் இருக்கிறோம். அப்பா பாதுகாப்புத் துறையில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். உங்களுக்கு வீடு தராதவர்கள் செய்தது அயோக்கியத்தனம். அதற்காக என்னை அவர்களோடு சேர்க்காதீர்கள்.

ஒரு தாள் வைத்திருக்கிறேன். அறுபத்து நான்கு கட்டம் வரைந்து, எந்தக் கட்டத்தை அழுத்தினால் எந்த விளக்கு எரிந்தது என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறேன். முடிந்தால் பாருங்கள்.

கனகவல்லி


கொண்டாப்பூர்
22-5-2001

கனகவல்லிக்கு,

தப்பு என்னுடையது.

உங்கள் தாளைப் பார்த்த அரை நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ஐம்பத்தாறு கட்டம் சரி. ஆறாவது வரிசை எட்டும் ஐந்தாவது என்று படிக்கிறது. விளக்குக் கோளாறு என்றால் இவ்வளவு ஒழுங்காக வராது. ஐந்தாவது கோடும் ஆறாவது கோடும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒட்டவைத்தது நானாகத்தான் இருக்கும்.

வீட்டைப் பற்றி எழுதியதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். யாரோ சாத்திய கதவுக்கு உங்களைத் திட்டினேன்.

பெட்டியை அனுப்புங்கள். அனுப்ப மனமில்லாவிட்டால் சாமான்களோடு நானே வந்து உங்கள் வாசலில் உட்கார்ந்து செய்து தருகிறேன்.

ஃபெலிக்ஸ்


சைனிக்புரி
23-5-2001

அனுப்பியிருக்கிறேன். இன்னும் முப்பத்திரண்டு நாள் இருக்கிறது.

கனகவல்லி


கொண்டாப்பூர்
26-5-2001

கனகவல்லிக்கு,

இந்தத் தடவை மெஷினைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே துண்டைக் கட்டிக்கொண்டேன். உங்கள் தாளை எதிரில் வைத்துக்கொண்டு விளக்கை மட்டும் பார்த்து அழுத்தினேன். ஆறாவது வரிசையில் முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டது. அதுவரை நான் ஒரு தடவைகூட விளக்கைப் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. விரல் பலகையில், காது பீப்பில், கண் டிக் போடும் காகிதத்தில். மெஷின் எதையோ கேட்டுக்கொண்டு பீப் அடித்தது. நான் சொன்னதைத்தான் கேட்டதா என்று நான் பார்க்கவில்லை.

திறந்தேன். எஃப் கோட்டுக்குப் பெயின்ட் தடவியபோது பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு பக்கத்தில் இருந்த குறுக்குத் தாளின் நாடாவில் விழுந்திருக்கிறது. கடுகில் பாதி. சரியாக ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில். பிளேடு நுனியால் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். கோட்டுக்குக் கோடு மெல்லிய டேப் ஒட்டி, எஃப் விரிசலைப் புதிதாகச் செய்தேன். மடிப்பு இனிமேல் கூர்மையாக மடங்காமல் இருக்க அடியில் ரப்பர் துண்டு வைத்திருக்கிறேன்.

துண்டோடு உட்கார்ந்திருந்தபோது பிரசன்னா வந்திருக்கிறான். கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, யார் போய்ச் சொல்வது என்று கால் மணி நேரம் கத்தியிருக்கிறான். நான் திரும்பவில்லை. கடைசியில் முன்னால் வந்து நின்று கையை ஆட்டினான். பஞ்சை எடுத்ததும், “உனக்குக் காது கேக்கலன்னு தெரியாம எவ்வளவு கெட்ட வார்த்தையை வேஸ்ட் பண்ணிட்டேன்லே” என்றான். உடனே அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உங்களைப் பற்றி அவனுக்குச் சொல்லியிருந்தேன். இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்றான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று நான் நினைக்கிறேன்.

கம்பெனியிலும் நான் இப்படித்தான் வேலை பார்த்தேன். ஐம்பது பக்கப் பட்டியல், ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ‘பாஸ்’ என்று டிக். அந்த சாப்ட்வேரை எந்த மனிதர் உபயோகிக்கப் போகிறார் என்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. என்னைத் தூக்கியது அநியாயம், அதில் மாற்றமில்லை. ஆனால் நான் நல்ல டெஸ்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அதை நீங்கள் எட்டணா பேப்பரில் பொய்யாக்கிவிட்டீர்கள். நன்றி. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

பெட்டிக்குள் நானும் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அறுபத்து நான்கு கட்டம். ஒவ்வொன்றிலும் எரிந்த விளக்கு. கீழே என் கையெழுத்து. உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பீப் அடிக்கும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டால் பேட்டரி கொஞ்சம் மிச்சமாகும். உங்களைக் கேட்காமல் கை வைக்கவில்லை.

ஃபெலிக்ஸ்


சைனிக்புரி
29-5-2001

ஃபெலிக்ஸுக்கு,

சிரித்தேன். பிரசன்னாவிடம் சொல்லுங்கள், கெட்ட வார்த்தைகளை எழுதி அனுப்பினால் வேஸ்ட் ஆகாது.

அறுபத்து நான்கும் சரி. இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். உங்கள் 7 பார்க்க 1 மாதிரி இருக்கிறது. மற்றபடி குறையில்லை.

ஸ்பீக்கர் இருக்கட்டும். நான் காலையில் ஆட ஆரம்பித்துவிட்டேன் என்று அம்மாவுக்கு அடுக்களையில் அதை வைத்துத்தான் தெரியுமாம். அதன் பிறகுதான் காபி போடுகிறாளாம். இதுவும் இப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

தினம் ஆறு ஆட்டம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். தேர்வு முடியும்வரை கடிதம் எழுத மாட்டேன்.

கனகவல்லி


கொண்டாப்பூர்
14-7-2001

கனகவல்லிக்கு,

ஜூன் 24 போய் இருபது நாள் ஆகிறது. சந்தானம் சாரைக் கேட்டேன். “அவங்க சொல்லுவாங்க” என்று ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். அந்த மனிதர் வாயைத் திறக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் வேண்டும்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மெஷின் மறுபடி காலை வாரிவிட்டதோ என்று ஒரே யோசனை. பெயின்ட் சரியாகக் காயவில்லையோ, ரப்பர் நகர்ந்ததோ என்று தூக்கத்திலும் அந்த நாடாதான். கிடைக்கவில்லை என்றாலும் எழுதுங்கள். என் வேலையால் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். மழுப்பாதீர்கள்.

எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அதற்கு ஆறுதல் எழுத வேண்டாம்.

ஃபெலிக்ஸ்


சைனிக்புரி
26-7-2001

ஃபெலிக்ஸுக்கு,

முதலில் மெஷின். ஒரு கட்டம்கூடத் தப்பவில்லை. நூற்றைம்பது ஆட்டத்துக்கு மேல் ஆடினேன். முப்பத்தெட்டில் ஜெயித்தேன்.

அடுத்தது தேர்வு. பதினான்கு பேர், ஆறு சுற்று. நான்கரைப் புள்ளியோடு இரண்டாவதாக வந்தேன். மூன்றாவது ஆளுக்கும் எனக்கும் அரைப் புள்ளிதான் வித்தியாசம். ஐந்தாவது சுற்றில் வாரங்கல்காரர் ஒருவர் எதிரில். நான் காயை நகர்த்திவிட்டு யோசனையில் இருந்தேன். அவர் உதட்டை அசைத்தார். டிரா கேட்கிறார் என்று நினைத்து, வேண்டாம் என்று தலையாட்டினேன். மறுபடி அசைத்தார், மறுபடி தலையாட்டினேன். கடைசியில் அவரே கையை நீட்டி என் பக்கத்துக் கடிகாரத்தை அழுத்தினார். நான் அதை அழுத்த மறந்து, என் நேரம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பேசாமல் இருந்திருந்தால் அவர் ஜெயித்திருப்பார். ஜெயித்தது நான். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. முடிந்ததும் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்.

அப்போதே எழுதியிருப்பேன். ஆனால் நேர்முகம் பாக்கி இருந்தது. ஒன்பது தடவை விழுந்த இடம் அது. கிடைத்துவிடும் என்று உங்களிடம் சொல்லிவிட்டு, பிறகு இல்லை என்று எழுத எனக்குத் தெம்பில்லை.

போன வாரம் நடந்தது. மூன்று அதிகாரிகள். துணைக்கு அப்பாவையும் உள்ளே விட்டார்கள். நடுவில் இருந்தவர் வழக்கம்போல அவரைப் பார்த்து, “போன் வந்தா என்ன பண்ணுவாங்க?” என்றார். அப்பா வாயைத் திறந்தார். நான் மேஜையைத் தட்டினேன். கொஞ்சம் பலமாகத்தான் தட்டிவிட்டேன் போலிருக்கிறது, மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். கேள்வியை எழுதித் தரும்படி தாளை நீட்டினேன். அவர் எழுதினார். நான், ‘ஸ்டோர்ஸில் போன் ஒரு மேஜையில்தான் இருக்கும். மற்ற மேஜைகளில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்களோ, அதைச் செய்வேன்’ என்று எழுதினேன். ஓரத்தில் இருந்த அம்மாள் சிரித்தார். அதன் பிறகு எல்லாக் கேள்விகளும் தாளில் வந்தன. பதினேழு கேள்வி. அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நேற்று உத்தரவு வந்தது. ஆகஸ்ட் ஆறாம் தேதி சேர வேண்டும்.

நன்றி எதற்கு என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இரக்கப்பட்டதற்கு என்று எடுத்துக்கொள்வீர்கள். நான் ஒன்று சரியில்லை என்று சொன்னால், உனக்குப் புரியவில்லை என்பார்கள். கடைக்காரர், டாக்டர், கிளப் செயலாளர், என் சொந்தச் சித்தப்பா. நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். ஆனால் ‘தப்பு என்னுடையது’ என்று எனக்கு எழுதிக் கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான். மேஜையைத் தட்டும்போது எனக்கு அந்த வரி ஞாபகம் இருந்தது. நான் பார்த்தது சரி என்று ஒரு முறை நிரூபணமானால், அடுத்த முறை கை தானாக எழும்புகிறது.

உங்களுக்கு ஆறுதல் எழுதவில்லை. கேட்டது கேட்டபடி.

ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வாருங்கள். பிரசன்னாவும் வரட்டும். அம்மா உங்களுக்குச் செஸ் தெரியாது என்று கேள்விப்பட்டு, தனக்கு ஒரு துணை கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறாள். செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கி சைனிக்புரி பஸ் பிடியுங்கள். மேஜர் வீட்டு கேட்டைத் தாண்டி இடது பக்கமாகச் சுற்றி வந்தால் பச்சைக் கதவு. அப்பாவும் அம்மாவும் வெயிலுக்கு முன் மார்க்கெட் போனால் திரும்ப நேரமாகும், நான் மட்டும் இருந்தாலும் இருப்பேன். எங்கள் வீட்டு அழைப்பு மணி சத்தம் போடாது. அழுத்தினால் உள்ளே என் மேஜைக்கு மேலே ஒரு பல்பு எரியும். வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள், மணியைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். ஒரு தடவை அழுத்திவிட்டு நில்லுங்கள். நான் வருவேன்.

கனகவல்லி